போட்டி விளையாட்டில் தொற்றுநோய்: விளையாட்டாளர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காற்பந்துக் குழு, கபடி அணி, சிலம்பப் பள்ளி, பள்ளி இணைப்பாட நடவடிக்கை என்று சிங்கப்பூரில் போட்டிக்குத் தயாராகிறவர்களும் அவர்கள் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல, அணி நிர்வாகி. எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், எப்போது திடலுக்கு வரவே கூடாது என்பதைத்தான் நான் சொல்கிறேன்.

தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதிகம்தானே? அவர்களுக்கு ஏன் அடிக்கடி சளி, காய்ச்சல் வருகிறது?

அளவான உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் போட்டிக்குத் தயாராகிறவர் அளவாகச் செய்வதில்லை. 1987ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானில் ஓடியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஓட்டம் முடிந்த வாரத்தில் சுமார் 13 விழுக்காட்டினர் உடம்பு சரியில்லை என்றார்கள். அதேபோல் பயிற்சி எடுத்திருந்தும் ஓடாமல் விட்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். கடும் பயிற்சி எதிர்ப்புச் சக்தியைச் சில மணி நேரம் தளர்த்திவிடுகிறது என்று அப்போது விளக்கினார்கள். இன்றைக்கு ஆய்வாளர்களிடையே அதில் ஒத்த கருத்து இல்லை. தூக்கக் குறைவு, பயணம், பதற்றம், கூட்டத்தில் நிற்பது இவைதான் பெரிய காரணம் என்று வாதிடுகிறவர்கள் பலர். என் அனுபவமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து, பள்ளி முடித்து, மாலைப் பயிற்சிக்கு வந்து, இரவு துணைப்பாட வகுப்புக்கும் போய்ப் பன்னிரண்டு மணிக்குப் படுக்கிற பிள்ளைக்கு வைட்டமின் மாத்திரை வாங்கித் தருவதைவிட ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகத் தருவது மேல்.

ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் தொடுவதால்தானே பரவுகிறது?

அதிலும் பரவுகிறது. ஆனால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பரவுவதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். வெயில் படும் திறந்த திடலில் தொண்ணூறு நிமிடம் ஆடுவதைவிட, சன்னல் திறக்காத குளிர்சாதன வேனில் உட்லண்ட்ஸிலிருந்து காலாங் வரை பதினைந்து பேர் நெருக்கியடித்துப் போவது சளிக்காய்ச்சலுக்கு வசதியானது. உடைமாற்றும் அறை, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு, போட்டி முடிந்து ஒரே தட்டில் கைவைக்கும் சாப்பாட்டு நேரம், எல்லாம் அப்படித்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. 2003இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து அணியில் 58 பேரில் 5 பேருக்கு எம்ஆர்எஸ்ஏ என்ற, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத தோல் தொற்று வந்தது. செயற்கைப் புல்லில் உராய்ந்த சிராய்ப்புகளில்தான் அது புகுந்திருந்தது. விசாரித்தபோது தெரிந்தது என்னவென்றால், ஒரே துண்டை மூன்று பேர் வரை பயன்படுத்தியிருக்கிறார்கள். குளிக்காமலேயே பொதுத் தொட்டியில் இறங்கியிருக்கிறார்கள். பணத்துக்கோ மருத்துவக் குழுவுக்கோ குறைவில்லாத அணி அது.

ஆகவே ஆளுக்கு ஒரு துண்டு. சிராய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி மூடிவிட வேண்டும். அது சூடாகி, வீங்கி, சீழ் கோத்தால் பிதுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளலாமா?

கூடாது. ஆளுக்கொரு பாட்டில், அதில் பெயர். யாராவது மறந்துவிட்டு வந்தால், நம் வீடுகளில் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்த வழி இருக்கிறது: வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது. அந்தப் பழக்கத்தை அணிக்குள் கொண்டு வாருங்கள். அழுத்திப் பீய்ச்சும் பாட்டிலாக இருந்தால் மற்ற இனத்துப் பிள்ளைகளும் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். ஐஸ் பெட்டிக்குள் வெறுங்கையை விட்டு ஐஸ் அள்ளுவதையும் நிறுத்துங்கள்.

லேசான காய்ச்சல்தான். பனடோல் (பாராசிட்டமால் மாத்திரை) போட்டுக்கொண்டு ஆடலாமா?

ஆடவே கூடாது. காய்ச்சலை உண்டாக்கும் சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சியை ஏற்படுத்தும். அந்த நிலையில் இதயத்தைக் கடுமையாக வேலை வாங்கினால் துடிப்பு தாறுமாறாகி, ஆடும்போதே சரிந்து விழும் ஆபத்து இருக்கிறது. இளம் விளையாட்டாளர்களின் திடீர் மரணத்துக்கு இதுவும் ஓர் அறியப்பட்ட காரணம். பனடோல் சூட்டைக் குறைக்குமே தவிர நோயைக் குறைக்காது.

பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல் கழுத்து. மூக்கு ஒழுகல், தும்மல் என்று கழுத்துக்கு மேலே மட்டும் தொந்தரவு என்றால் தனியாக லேசாக ஓடிப் பார்க்கலாம். நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றால் ஓய்வு. மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு, முதலில் நடை, அப்புறம் மெதுவான ஓட்டம் என்று கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வந்தபின் நெஞ்சு வலியோ படபடப்போ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தொண்டை வலியும் கழுத்தில் நெறிகட்டும் வாரக்கணக்கில் போகவில்லையே?

சுரப்பிக் காய்ச்சலாக இருக்கலாம். பதின்ம வயதினருக்கு எச்சில் வழியாகப் பரவுவது. இதில் மண்ணீரல் வீங்கக்கூடும், இடிபட்டால் கிழியும். அதனால் உடல் மோதும் விளையாட்டுகளுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாரம் விடுப்பு எடுத்து, மருத்துவர் சரி என்ற பிறகுதான் திரும்ப வேண்டும். தெம்பாக இருக்கிறது என்று பிள்ளை சொல்வதை இதில் அளவாகக் கொள்ளாதீர்கள்.

படர்தாமரை வந்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பைத் தடவலாமா?

இந்தக் கேள்வியை நான் மிகவும் அக்கறையோடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் அணிகளில் இதைப் பார்க்காத ஆண்டே இல்லை. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் கழுத்தோரத்திலும் வட்டமாக, ஓரம் சிவந்து, அரிப்போடு வரும் பூஞ்சைத் தொற்று. ஆண்டு முழுதும் புழுக்கமான சிங்கப்பூரில், வியர்வையில் ஊறிய சட்டையோடு எம்ஆர்டி ரயில் ஏறி வீட்டுக்குப் போகிறவருக்கு அது சுலபமாக வரும். கபடியிலும் ஜூடோவிலும் மல்யுத்தத்திலும் தோலோடு தோல் உரசுவதால் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்.

பிரச்சினை அந்தக் களிம்பு. பூஞ்சை மருந்து, நுண்ணுயிர் மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த சிறு டியூப் இந்தியாவில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஊருக்குப் போய் வருகிறவர் பையில் நாலைந்து இருக்கும். தடவிய இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், ஏனென்றால் ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது. ஆனால் அதே ஸ்டீராய்டு அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பையும் அடக்குவதால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பி வரும். தோல் மெலிந்து கோடு விழும். இந்தியாவில் வழக்கமான மருந்துகளுக்கு மசியாத படர்தாமரை பெருகியிருப்பதற்கு இப்படிப்பட்ட களிம்புகளை இஷ்டத்துக்குப் பயன்படுத்தியதை ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்ன நாள் முழுதும் மருந்து போடுங்கள். வட்டம் மறைந்த அன்றே நிறுத்திவிடாதீர்கள். உள்ளாடை, சாக்ஸ், துண்டு தினமும் துவைத்து நன்றாகக் காய வேண்டும். விடுதி அறையிலும் வீட்டிலும் கூட இருப்பவருக்கு அரிப்பு இருந்தால் அவரும் சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் உடம்பில் படர்தாமரை உள்ளவர் குறைந்தது 72 மணி நேரம் சிகிச்சை எடுத்த பிறகே களமிறங்கலாம். நம் கபடி அணிகளும் அந்த அளவையாவது பின்பற்றலாம் என்பது என் கருத்து.

கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் இதே வகைதான். பொதுக் குளியலறையில் செருப்புப் போட்டுக்கொண்டு குளியுங்கள்.

முகத்திலும் கழுத்திலும் கொத்தாகக் கொப்புளம், எரிச்சல். வெயில் கொப்புளமா?

அப்படி எண்ணிக்கொண்டு ஆடப் போகாதீர்கள். உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹெர்பீஸ் வைரஸ் மல்யுத்தம் போன்ற விளையாட்டுகளில் தோல் உரசும் இடத்தில் எல்லாம் தொற்றும். 1989இல் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்த ஒரு மல்யுத்தப் பயிற்சி முகாமில் 175 பேரில் 60 பேருக்கு வந்தது. கண்ணுக்கு அருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. முதல் நாளிலேயே வைரஸ் மருந்து தொடங்கினால் சீக்கிரம் அடங்கும். ஒருமுறை வந்தால் வைரஸ் உடம்பிலேயே தங்கி, சோர்ந்திருக்கும் நேரத்தில் மறுபடி தலைகாட்டும். அடிக்கடி வருகிறவர் போட்டிப் பருவத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவைக்கலாம்.

ரத்தம் வந்தால்?

வெளியே வர வேண்டும். காற்பந்து விதிகளிலேயே இருக்கிறது: ரத்தம் வழிகிறவரை நடுவர் வெளியேற்ற வேண்டும், நின்ற பிறகே திரும்பலாம். முதலுதவி செய்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். உடையில் ரத்தம் பட்டிருந்தால் மாற்ற வேண்டும். இவ்வகையில் பரவும் நோய்களில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி முக்கியமானது. அதற்குத் தடுப்பூசி உண்டு. ஊரில் போட்டுக்கொண்டோமா என்று நினைவில்லாதவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளலாம்.

அணியில் ஒருவருக்கு அம்மை போட்டிருக்கிறது. மற்றவர்கள் என்ன செய்வது?

முதலில் எந்த அம்மை என்று மருத்துவர் சொல்லட்டும்.

சின்னம்மை என்றால், கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது பரவும். அதாவது நீங்கள் கேள்விப்படும்போது அணி ஏற்கெனவே அவரோடு பயிற்சி செய்து முடித்திருக்கும். அடுத்தவருக்கு வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அவர் வரக் கூடாது. வேப்பிலை கட்டி, வெளியாட்களை வீட்டுக்குள் விடாமல், நோயாளியைத் தனியே வைத்துப் பார்த்துக்கொள்ளும் நம் வழக்கம் பரவலைத் தடுக்கிற நல்ல வழக்கம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளைக் கணக்கில் வைத்துப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். பொருக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. வெப்பமண்டல நாடுகளில் பலர் சிறு வயதில் சின்னம்மை வராமலே பெரியவர்களாகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் நம் சகோதரர்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு அது கடுமையாக வரும், நுரையீரலையும் தாக்கலாம். இதுவரை வராதவர், தடுப்பூசியும் போடாதவர், தொடர்பு ஏற்பட்ட மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால்கூடப் பயன் உண்டு. அதனால் தாமதிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

தட்டம்மை இன்னும் வேகமானது. 1991இல் மின்னியாபொலிஸில் நடந்த சிறப்பு ஒலிம்பிக் போட்டியின்போது, கூரை மூடிய அரங்கில் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களுக்குக்கூடத் தொற்றியது. கிருமி காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். இங்கே பிறக்காதவர்கள்தான் இரண்டு ஊசியும் போட்டோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொன்னுக்குவீங்கிக்கும் அதே ஊசிதான். அது வந்தால் கன்னம் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் தள்ளி இருக்க வேண்டும்.

டெங்கி ஒட்டுவார் ஒட்டி இல்லையே, அதை ஏன் அணி கவனிக்க வேண்டும்?

ஆளிடமிருந்து ஆளுக்கு நேரடியாக ஒட்டாது, உண்மைதான். ஆனால் ஒரே திடலில் ஒரே நேரத்தில் எல்லாரும் கடிபடலாம். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்னும் அதிகம். நம் பயிற்சி நேரமும் அதுதான். 2020இல் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது.

திடலை ஒட்டிய சாமான் கொட்டகையைப் போய்ப் பாருங்கள். மழைக்குப் பிறகு, தலைகீழாகப் போட்டுவிட்டு வந்த பயிற்சிக் கூம்புகளில், பழைய டயரின் உட்பக்கத்தில், கிழிந்த தார்ப்பாய் மடிப்பில் தண்ணீர் நிற்கும். 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் கொசு முட்டையிட. ஒரு வாரத்தில் பறந்துவிடும். பயிற்சி முடிந்ததும் கூம்புகளை வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குவதை இளையவர்களுக்கு ஒரு பொறுப்பாகவே கொடுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் சிவப்புப் பதாகை கட்டியிருக்கும் வட்டாரத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு வந்திருக்கிறது என்று பொருள். அங்கே கொசு விரட்டி பூசாமல் பயிற்சி தொடங்காதீர்கள்.

டெங்கியோ என்ற சந்தேகம் இருந்தால் வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைத் தொடாதீர்கள். ரத்தக்கசிவை அவை கூட்டும். விளையாட்டாளர்கள் பலர் பையில் எப்போதும் வைத்திருப்பது அந்த வகைதான், அதனால் திரும்பச் சொல்கிறேன். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனை. ரத்தத் தட்டணுக்கள் பழைய நிலைக்கு வந்ததாக மருத்துவர் சொல்லும் வரை மோதல் விளையாட்டு கிடையாது. அசதி வாரக்கணக்கில் இருக்கும். அது சோம்பல் இல்லை.

சேற்றுத் திடல், நீர்த்தேக்கம், ஆறு?

மலேசியாவுக்குச் சாகசப் பந்தயம் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்வு, 2000இல் சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச். ஆற்றில் நீந்தியும் படகோட்டியும் ஊர் திரும்பியவர்களுக்குக் காய்ச்சல். விசாரணையில் பேசக் கிடைத்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக வருவது அது. இதுபோன்ற பந்தயத்துக்குப் போகும் முன் தடுப்பு மருந்து வேண்டுமா என்று பயண மருந்தகத்தில் கேளுங்கள். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் எந்த ஆற்றில் இறங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராக ஊகிக்க முடியாது.

இங்கேயே மண்ணிலும் சேற்றுநீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றை உண்டாக்கும் கிருமி இருக்கிறது. கனமழைக்குப் பிறகு கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது உயிராபத்து. மூத்தோர் பிரிவில் ஆடும் அண்ணன்மார்களில் சர்க்கரை உள்ளவர்கள் காலில் திறந்த புண்ணோடு சேற்றில் இறங்கவே கூடாது.

நீச்சல் குளத்தில்தான் குளோரின் இருக்கிறதே?

பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி குளோரினிலும் பல நாள் தாக்குப்பிடிக்கும். அது உறுதியானவர் வயிற்றுப்போக்கு நின்று இரண்டு வாரம் குளத்தில் இறங்கக் கூடாது.

போட்டிக்கு முதல் நாள் வாந்தி, பேதி. என்ன செய்யலாம்?

நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அணியோடு தங்க வேண்டாம், உணவைத் தொட வேண்டாம். 2017 லண்டன் உலகத் தடகளப் போட்டியில் அணிகள் தங்கிய ஹோட்டலில் வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ் பரவியபோது, போட்ஸ்வானாவின் ஐசக் மக்வாலாவை 400 மீட்டர் இறுதிக்கு விடவில்லை. தனிமைக் காலம் முடிந்ததும் 200 மீட்டரைத் தனியாக, மழையில், கடிகாரத்தை எதிர்த்து ஓடித் தகுதி பெற்றார். அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பது அணி நடத்துகிற எல்லாருக்கும் புரியும். ஆனாலும் தனிமைப்படுத்துவது அவசியம்தான். இந்தக் கிருமிக்குக் கைத்தூய்மித் திரவம் போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

சளிக்காய்ச்சல் தடுப்பூசி எப்போது போடுவது?

குளிர்நாடுகள்போல் நமக்கு ஒரே பருவம் கிடையாது. ஆண்டு முழுதும் இருக்கும். ஆண்டின் இறுதியை ஒட்டியும் நடுப்பகுதியிலும் கூடும். பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகள் நடக்கும் மாதங்கள் இவற்றோடு உரசுகின்றன. முக்கியப் போட்டிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு போட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்பு உருவாக அவ்வளவு நாள் வேண்டும். கை வலிக்கும் என்பதால் கடும் பயிற்சிக்கு முதல் நாள் வேண்டாம்.

சளி மருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவோமா?

மாட்டலாம். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் ஓர் அளவுக்கு மேல் தடைசெய்யப்பட்டது. மாத்திரையாகவும் ஊசியாகவும் தரும் ஸ்டீராய்டுகளும் போட்டி நேரத்தில் தடை. சோர்வாக இருக்கிறது என்று ஊரில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது பலருக்குப் பழக்கம். 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியே ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாவிட்டால் எப்போதுமே தடை. நீங்கள் சோதனைக்கு உட்பட்ட விளையாட்டாளர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

உடம்பு சரியில்லை என்று சொன்னால் அணியில் இடம் போய்விடுமே?

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் பெரியது. துண்டும் சோப்பும் தடுப்பூசியும் இருந்தும், ஒருவர் மறைத்துவிட்டு வந்தால் எல்லாம் வீண். "அண்ணே, நாளைக்கு ஃபைனல், லேசாத்தான் காயுது" என்கிற பையன் பொய் சொல்ல ஆசைப்பட்டுச் சொல்வதில்லை. இந்த ஆட்டத்தில் உட்கார்ந்தால் அடுத்த ஆட்டத்திலும் உட்கார வேண்டியிருக்கும் என்று பயப்படுகிறான். அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம்.

எங்கள் அணியில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: நோயால் விலகியவர், மருத்துவர் அனுமதித்ததும், விலகும்போது இருந்த அதே இடத்துக்குத் திரும்புவார். பதிலுக்கு ஆடியவர் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரி, முதல் வாய்ப்பு திரும்பி வந்தவருக்குத்தான். இதனால் ஓர் ஆட்டம் தோற்க நேரலாம். பயிற்றுவிப்பாளர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. நான் விட்டுக்கொடுப்பதும் இல்லை. இதை வைத்த பிறகு பிள்ளைகள் முதல் நாளே சொல்கிறார்கள்.

வெளிநாட்டு ஊழியர்களாக இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு பயம், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்தால் வேலையில் என்ன சொல்வார்களோ என்று. அவர்களிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசும் முன் மருந்தகத்துக்குப் போய்வர யாராவது துணைக்குப் போங்கள். இருமல் மூன்று வாரத்துக்கு மேல் போனாலும் எடை குறைந்தாலும் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். மருந்தை முழுக்க எடுத்தால் குணமாகும் நோய் அது என்பதை முதலில் சொல்லுங்கள்.

சொன்னால் அணி முழுதும் பெயர் தெரிந்துவிடுமா?

தெரியக் கூடாது. பயிற்றுவிப்பாளரும் நிர்வாகியும் மட்டும் அறிந்தால் போதும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்புவது இவ்வளவுதான்: "நம் அணியில் ஒருவருக்குச் சின்னம்மை உறுதியாகியிருக்கிறது. செவ்வாய்ப் பயிற்சிக்கு வந்த எல்லாரும் மூன்று வாரம் கவனமாக இருக்கவும். காய்ச்சலோ கொப்புளமோ வந்தால் பயிற்சிக்கு வராமல் என்னை அழைக்கவும். இதுவரை அம்மை வராதவர்கள், வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ளவர்கள் இன்றே மருத்துவரைக் கேட்கவும்."